60 கிலோமீட்டர் என்றார்கள், 28தான் வருகிறது: பேட்டரியை மாற்றணுமா?

சிங்கப்பூரின் பூன் லேயிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். உணவு டெலிவரி வேலை பார்க்கிறார். வாரத்தில் ஐந்து நாள், மதியம் ஒரு சுற்று, இரவு ஒரு சுற்று. இரண்டு வருடத்துக்கு முன்னால் மின்சைக்கிள் வாங்கும்போது ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீட்டர் போகும் என்று கடையில் சொன்னார்களாம். வாங்கிய புதிதில் 35 வந்திருக்கிறது, இப்போது 28ஐத் தாண்டுவதில்லை. பேட்டரியில் 36 வோல்ட், 10.4 ஆம்பியர்-மணி என்று போட்டிருக்கிறது. மதியம் 16, இரவு 18 என்று ஒரு நாளைக்கு 34 கிலோமீட்டர் ஓட்டுகிறார், அதனால் இரவுச் சுற்றின் நடுவிலேயே மோட்டார் நின்றுவிடுகிறது. "அண்ணே, என்னை ஏமாத்திட்டாங்களா? அதே சைஸ் பெட்டியில 20 ஆம்பியர்-மணி பேட்டரி ஆன்லைன்ல 180 வெள்ளிக்குக் கிடைக்குதுன்னு வீட்டுக்காரர் சொல்றார். பக்கத்து புளோக்ல ஒருத்தர் 80 வெள்ளி குடுத்தா என் பேட்டரியைத் திறந்து புது செல் சேர்த்துத் தரேங்கிறார். எதைச் செய்யட்டும்? ராத்திரி முழுக்க வாசல் பக்கத்துல சார்ஜ் போட்டு வைக்கிறேன், அது சரிதானே?" கடிதத்தின் சாரம் இது.

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பொறுமையாகப் படிக்கலாம். சரியில்லை. இன்று இரவு முதல் அப்படிச் செய்ய வேண்டாம். காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். அந்த 180 வெள்ளி பேட்டரியும் வேண்டாம், 80 வெள்ளி வேலையும் வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் பேட்டரி கெட்டுப்போகவும் இல்லை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள்.

பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று தெரிய வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்க வேண்டும். 36ஐ 10.4ஆல் பெருக்கினால் 374 வாட்-மணி. உங்கள் கையிருப்பு அவ்வளவுதான். 60 கிலோமீட்டர் போக வேண்டுமென்றால் ஒரு கிலோமீட்டருக்கு 6 வாட்-மணிக்குக் கொஞ்சம் மேலேதான் செலவாக வேண்டும். எடை குறைந்த ஒருவர், முதுகில் சுமை இல்லாமல், சமமான பாதையில், மோட்டாரின் உதவியை முதல் நிலையில் வைத்து, எங்கும் நிற்காமல், தானும் நன்றாக மிதித்துக்கொண்டு போனால் அது நடக்கும். பெரும்பாலான கம்பெனிகள் பெட்டியில் போடுகிற எண் அந்த மாதிரி நிலைமைக்கான எண்தான். பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் டெலிவரிப் பையோடு பூன் லேயில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறவருக்கு அது பொருந்தாது. கடைக்காரர் இதை உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும். வேலைக்குத்தான் வாங்குகிறார் என்று தெரிந்தும் 60 என்று மட்டும் சொல்லி அனுப்பியது எனக்கு உறுத்துகிறது.

புதிதில் உங்களுக்கு 35 வந்திருக்கிறது. 374ஐ 35ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 10.7 வாட்-மணி. சுமையோடு, நின்று நின்று, அதிக உதவியில் ஓட்டுகிறவர்களுக்கு 10 முதல் 15 வரை ஆவது சகஜம், ஆகவே உங்கள் எண் நல்ல எண்தான். அப்புறம் இரண்டு வருடம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு முழுச் சார்ஜ் என்றால் கிட்டத்தட்ட 500 தடவை. இந்த வகை லித்தியம் செல்கள் 500 தடவை முழுசாக ஏற்றி இறக்கிய பிறகு பழைய கொள்ளளவில் 80 விழுக்காடு வைத்திருந்தால் ஒழுங்காக உழைத்திருக்கின்றன என்று அர்த்தம். 374இல் 80 விழுக்காடு 299. அதை 10.7ஆல் வகுத்துப் பாருங்கள். 28 வருகிறதா? நீங்கள் எழுதிய அதே 28. பேட்டரி எவ்வளவு தேய வேண்டுமோ அவ்வளவுதான் தேய்ந்திருக்கிறது, ஓட்டுகிற விதத்திலும் மாற்றமில்லை. யாரும் எதையும் திறந்து சரிசெய்ய வேண்டிய அவசியம் இங்கே இல்லை.

சரி, அப்படியானால் இரவுச் சுற்றின் நடுவில் நிற்பதற்கு என்ன வழி? வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மதியச் சுற்று இரண்டரை மணி வாக்கில் முடிந்து வீட்டுக்கு வருவதாகவும், மறுபடி ஆறு மணிக்குத்தான் இறங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் சார்ஜ் போடுங்கள். வந்த உடனே வேண்டாம், வெயிலில் ஓடி வந்த பேட்டரி சூடாக இருக்கும், அரை மணி நேரம் வீட்டுக்குள் நிழலில் ஆறட்டும். மூன்று மணிக்குப் போட்டு ஐந்தரைக்கு எடுத்தால் இரண்டரை மணி நேரம். 36 வோல்ட் சைக்கிளோடு வருகிற சார்ஜர் பெரும்பாலும் 2 ஆம்பியர்தான், உங்களுடையதன் அடியில் ஒட்டியிருக்கிற சீட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 2 ஆம்பியர் என்றால் அந்த இரண்டரை மணியில் 180 வாட்-மணிக்குக் குறையாமல் உள்ளே போகும். மதியம் 16 கிலோமீட்டருக்கு நீங்கள் செலவழித்தது 171. அதாவது மாலையில் கிளம்பும்போது கிட்டத்தட்ட முழுப் பேட்டரி. இரவு 18 கிலோமீட்டர் ஓட்டி வீடு திரும்பும்போது மூன்றில் ஒரு பங்கு மிச்சம்கூட இருக்கும். புதுப் பேட்டரிக்குக் காசு கொடுக்காமலேயே பிரச்சினை தீர்ந்தது. மின்கட்டணமும் பயப்படுகிற அளவுக்கு இல்லை. யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டாலும், காலிப் பேட்டரியை முழுசாக ஏற்றவே பதிமூன்று காசுக்குள்தான் ஆகும்.

அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் போட்டால் பேட்டரி கெட்டுவிடும் என்று இங்கே நிறையப் பேர் நம்புகிறார்கள், ஒருவேளை நீங்களும் அதனால்தான் மதியம் போடாமல் இருந்திருக்கலாம். அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியம் நேர் எதிர். முழுசாக வடித்து முழுசாக ஏற்றுவதைவிட, பாதியில் இருக்கும்போதே பாதி ஏற்றுவதுதான் அதற்கு இதம். அப்படிச் செய்தால் பேட்டரியின் ஆயுள் கூடும், குறையாது.

அடுத்தது அந்த ஆன்லைன் பேட்டரி. உங்கள் வீட்டுக்காரர் நல்லது நினைத்துத்தான் தேடியிருக்கிறார், அவரையும் உட்காரவைத்து இந்தப் பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள். 36 வோல்ட் பேட்டரிக்குள் 18650 என்கிற உருளைச் செல்கள் இருக்கும், 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். பத்துச் செல் வரிசையாகச் சேர்ந்தால்தான் 36 வோல்ட். அந்த மாதிரி நான்கு வரிசையைப் பக்கம் பக்கமாக இணைத்தால் 40 செல். ஒரு செல் 2.6 ஆம்பியர்-மணி என்றால் நான்கும் சேர்ந்து 10.4, உங்கள் பேட்டரியில் போட்டிருக்கிற அதே எண். இப்போது அதே அளவுப் பெட்டியில் 20 ஆம்பியர்-மணி வர வேண்டுமென்றால் ஒவ்வொரு செல்லும் 5 ஆம்பியர்-மணி இருக்க வேண்டும். 18650 அளவில் நல்ல கம்பெனிச் செல்லே 3.5 வாக்கில்தான் நிற்கிறது. 5 தருகிற செல்கள் உண்டு, ஆனால் அவை 21700 என்கிற பெரிய அளவு, அவற்றில் நாற்பதை அந்தப் பெட்டிக்குள் அடைக்க முடியாது. ஆக, அதே பெட்டி, இரண்டு மடங்கு கொள்ளளவு, 180 வெள்ளி என்று ஒருவர் விற்றால் மேலே ஒட்டியிருக்கிற எண் உண்மையல்ல. எண்ணிலேயே உண்மை சொல்லாதவர் உள்ளே என்ன செல் போட்டிருப்பார், செல்கள் அளவுக்கு மீறி ஏறாமலும் இறங்காமலும் தடுக்கிற பாதுகாப்புப் பலகையை வைத்திருக்கிறாரா இல்லையா என்று நாம் எதை நம்பிக் கண்டுபிடிப்பது?

48 வோல்ட் போட்டால் தூரமும் கூடும் வேகமும் கூடும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அதையும் காதில் வாங்காதீர்கள். 36 வோல்ட்டுக்கு வடிவமைத்த கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த அழுத்தத்தில் வெந்துபோகலாம், தப்பித்தால் 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும், இரண்டும் உங்களுக்கு நல்லதல்ல. இங்கே மின்சைக்கிள் என்றால் மோட்டார் 250 வாட்டுக்குள், பேட்டரியோடு சேர்த்து எடை 20 கிலோவுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் தானாக விட்டுவிட வேண்டும், மிதித்தால்தான் உதவ வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையம் அப்படிப் பார்த்துத்தான் ஆரஞ்சு முத்திரை ஒட்டி, பதிவு எண் கொடுத்திருக்கிறது. அதற்குப் பிறகு நாமாக மாற்றி அமைத்தால் அது குற்றம். சைக்கிள் பறிபோகும், வேலையும் போகும்.

பக்கத்து புளோக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மின்சைக்கிள் பழுதுபார்க்கிற இந்த வேலையில் எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். திறந்த பேட்டரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நீல நிற உறையைக் கிழித்தால் செல்கள் தேன்கூடு மாதிரி நெருக்கமாக நிற்கும், அவற்றின் தலையில் மெல்லிய நிக்கல் பட்டை ஓடும், பட்டைக்கும் செல்லின் உடம்புக்கும் நடுவில் ஒரு காகித வளையம். பிளஸ் பக்கத்தில் தொப்பிக்கும் உடம்புக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர்தான், செல்லின் உடம்பு முழுவதும் மைனஸ். சூட்டுக்கோல் வைத்து ஈயத்தால் ஒட்டும்போது அந்த வளையம் கருகினால், இல்லை பழைய பட்டையைப் பிய்த்த இடத்தில் ஒரு கூர்முனை நின்றால், அது இன்றைக்கு ஒன்றும் செய்யாது. அடுத்த மாதம் ஏதோ ஒரு பள்ளத்தில் சைக்கிள் குதிக்கும்போது அந்த முனை உள்ளே அழுந்தும். அதோடு, 80 விழுக்காட்டுக்கு இறங்கிய பழைய செல்லோடு புதுச் செல்லைச் சேர்த்தால் இரண்டும் ஒரே வேகத்தில் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ஒன்று நிறையும்போது மற்றது இன்னும் வாங்கிக்கொண்டிருக்கும். பாதுகாப்புப் பலகை ஓரளவுக்குத்தான் சமன்செய்யும். அந்தப் பலகையையே கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அப்படி வந்த பெட்டியை என் மேசையில் வைத்துத் திறந்தபோது எனக்குக் கை நடுங்கியது.

ஒரு செல்லுக்குள் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அது தானே சூடாகும், அந்தச் சூடு உள்ளே இருக்கிற ரசாயனத்தைச் சிதைக்கும், சிதைவு இன்னும் சூட்டைக் கிளப்பும், பக்கத்துச் செல்லுக்குத் தாவும். நாற்பது செல்லும் நெருக்கமாக நிற்பதால் ஓரிரு நிமிடத்தில் பெட்டி முழுவதும் பற்றிக்கொள்ளும். வருகிற புகை விஷப்புகை. இப்போது நீங்கள் எழுதியதை மறுபடி நினைத்துப் பாருங்கள்: ராத்திரி, எல்லோரும் தூக்கத்தில், பேட்டரி வாசல் பக்கத்தில். உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு வெளியே போக இருப்பது அந்த ஒரே வாசல். தீ பிடித்தால் நீங்களும் பிள்ளைகளும் எந்த வழியாக வெளியே வருவீர்கள்? இதற்காகத்தான் முதல் வேலையாக அதை நிறுத்தச் சொன்னேன். சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையும் இதையேதான் சொல்கிறது: தூங்கும்போதோ யாரும் பார்க்காதபோதோ சார்ஜ் போடாதீர்கள், வெளியேறும் வழியில் வைக்காதீர்கள், சொந்தச் சார்ஜரைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள். உங்கள் பேட்டரி அசல் பேட்டரிதான், அதில் இப்படி நடக்கிற வாய்ப்பு மிகவும் குறைவு. ஆனாலும் நடந்தால் தப்பிக்க வழி இருக்கிற இடத்தில் வையுங்கள். ஹாலின் உள்பக்கச் சுவரோரம், தரையில், ஓடு பதித்த இடத்தில், மெத்தை, திரைச்சீலை, செருப்பு அலமாரி எதுவும் பக்கத்தில் இல்லாமல். வாசல் பக்கம் உங்களுக்குத் திறந்திருக்க வேண்டும். புகை வந்தால் கிட்டே போகாதீர்கள், எல்லோரையும் வெளியே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு 995ஐ அழையுங்கள்.

மதியம் சார்ஜ் போடுகிற பழக்கத்துக்கு மாறினால் இரவில் போட வேண்டிய தேவையே இருக்காது. மறுநாள் காலை எழுந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வீட்டு வேலை பார்க்கும்போது மிச்சத்தை ஏற்றிக்கொள்ளலாம், கிளம்புவதற்குச் சற்று முன் நிறைந்தால் போதும். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. முழுச் சார்ஜில், சூட்டில், பல மணி நேரம் சும்மா கிடப்பதுதான் லித்தியம் செல்லை வேகமாக முதுமையாக்குகிறது. இரவு பதினொரு மணிக்குப் போட்டால் விடிவதற்குள் நிறைந்துவிடும், நீங்கள் பதினோரு மணிக்குக் கிளம்பும்வரை நூறு விழுக்காட்டிலேயே நிற்கும். அது வேண்டாத தேய்மானம். வெளிநாட்டு வீடியோக்களில் குளிரில் தூரம் குறைகிறது என்று சொல்வார்கள், அது நமக்குச் சம்பந்தமில்லாத கவலை, மதியம் 31, 32 டிகிரி அடிக்கிற ஊரில் நமக்கு எதிரி வெயில்தான். கடைக்கு வெளியே ஆர்டருக்குக் காத்திருக்கும்போது நான்கு எட்டு கூடுதலாக நடந்தாலும் பரவாயில்லை, சைக்கிளை நிழலில் நிறுத்துங்கள். கறுப்புப் பெட்டி நேர் வெயிலில் நின்றால் தொட முடியாத சூடாகிவிடும்.

ஓட்டும்போது எங்கே மின்சாரம் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். மூன்று இடம், அதில் முதலாவது காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். 20இல் போகிறவர் 25க்கு ஏறினால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, எதிர்ப்போ ஒன்றரை மடங்குக்கும் மேலே. முதுகில் அந்தச் சதுரப் பை வேறு. வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கிற ஜனவரி, பிப்ரவரியில் 10 கிலோமீட்டர் வேக எதிர்க்காற்றில் 25இல் போனால் உடம்புக்கு அது 35இல் போவது மாதிரி, எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த மாதங்களில் தூரம் திடீரென்று குறைந்ததாகச் சொல்லி நிறையப் பேர் வருவார்கள், பேட்டரியைச் சோதித்தால் ஒன்றும் இருக்காது. அவசரமில்லாத நேரத்தில், அதாவது ஆர்டரைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதாவது, 20, 21இல் வாருங்கள். நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது, நின்று கிளம்புவது. உங்களையும் சைக்கிளையும் பையையும் சேர்த்து 110 கிலோ என்று வைத்தால், நின்ற இடத்திலிருந்து 25 வேகத்துக்கு ஏறும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு வாட்-மணி போகும். உங்கள் கணக்கில் அது 100 மீட்டர் பயணத்துக்குச் சமம். முப்பது சிக்னல் என்றால் 3 கிலோமீட்டர் அங்கேயே காலி. சிக்னலில் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால் முன்கூட்டியே கியரைக் குறைத்துக்கொண்டு, கிளம்பும்போது முதல் நாலைந்து மிதி உங்கள் காலால் அழுத்தி மிதியுங்கள். சக்கர மோட்டார் மிக மெதுவாகச் சுற்றும்போதுதான் மின்சாரத்தை அதிகமாக வீணாக்கும், அந்தச் சில நொடியை நீங்கள் ஏற்றுக்கொண்டால் போதும். பூங்கா இணைப்புப் பாதை கிடைக்கிற இடத்தில் அதில் போனால் சிக்னலும் குறையும்.

மூன்றாவது ஏற்றம். 10 மீட்டர் உயரம் ஏறினால், அதாவது புளோக்கில் மூன்று நான்கு மாடி உயரம், சுமார் 4 வாட்-மணி. புக்கிட் பாத்தோக் பக்கம் ஆர்டர் எடுத்தால் தூரம் குறைவதற்கு இதுதான் காரணம். இறங்கும்போது அது திரும்பி வராது, உங்கள் சைக்கிள் மாதிரியானவற்றில் பிரேக்கிலிருந்து மின்சாரம் எடுக்கிற வசதி பெரும்பாலும் கிடையாது.

அந்த ஏற்றத்தில் மூன்று கோடு காட்டிய மீட்டர் ஒரு கோட்டுக்கு விழுந்து, மேலே போய் நின்றதும் மறுபடி மூன்று காட்டுகிறது, அது பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மீட்டர் பார்ப்பது மிச்சமிருக்கிற மின்சாரத்தை அல்ல, வோல்ட்டை மட்டும்தான். முழுச் சார்ஜில் உங்கள் பேட்டரி 42 வோல்ட் காட்டும், பாதி வாக்கில் 36, 37. மோட்டார் அதிகமாக இழுக்கும்போது செல்லின் உள்தடையால், அதாவது மின்சார ஓட்டத்துக்குச் செல்லுக்குள்ளேயே இருக்கிற தடையால், வோல்ட் தற்காலிகமாக இறங்கும், இழுப்பு நின்றால் பழையபடி ஏறும். பழைய பேட்டரியில் உள்தடை கூடுதல், அதனால் இறக்கமும் கூடுதல். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போது காட்டும் கோட்டை நம்பாதீர்கள், சிக்னலில் நின்று பத்து விநாடி கழித்துப் பாருங்கள். கடைசி ஒரு கோடு வேகமாகக் கரையும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 33 வோல்ட்டுக்குக் கீழே போனால் அதிகம் மிச்சமில்லை, அந்த நேரத்தில் ஒரு ஏற்றம் வந்தால் பாதுகாப்புப் பலகை சட்டென்று துண்டித்துவிடும். உங்களுக்கு இரவில் நடப்பது அதுதான். உதவியை முதல் நிலைக்கு இறக்கிவிட்டு மெதுவாக மிதித்தால், அந்தக் கடைசிக் கோட்டிலும் வீடு வந்து சேரலாம்.

இதையெல்லாம்விட எளிதான ஒரு வேலை டயர். என்னிடம் பழுதுபார்க்க வருகிற சைக்கிள்களில் நிறைய, காற்றே இல்லாமல்தான் வருகின்றன. டயரின் பக்கவாட்டில் எவ்வளவு அழுத்தம் என்று எண் அச்சிட்டிருக்கும், கொஞ்சம் அழுக்கைத் துடைத்தால் தெரியும். அளவுமானி உள்ள பம்பு ஒன்று வாங்கி வாரத்துக்கு ஒருமுறை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள். விரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது. சங்கிலிக்கு எண்ணெய், மழையில் ஓட்டிய பிறகு மறுபடி எண்ணெய். பிரேக் கட்டை சக்கரத்தில் உரசுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். மழையில் நனைந்து வந்தால் பேட்டரியின் சார்ஜ் துளையைத் துடைத்து உலரவிட்டுத்தான் சார்ஜரை மாட்ட வேண்டும்.

காற்று, கியர், வேகம், உதவி நிலை எல்லாம் சேர்த்து 10.7ஐ 9க்குக் கொண்டுவந்தால் உங்கள் 299 வாட்-மணியில் 33 கிலோமீட்டர் போகலாம். நான் அதை நம்பித் திட்டம் போடச் சொல்ல மாட்டேன். ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக ஒதுக்கிவிட்டு, நடுவில் சார்ஜ் இல்லாமல் 22 கிலோமீட்டர்தான் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் நின்றே போனாலும் அது சைக்கிள்தான், மிதிக்கலாம், கனமாக இருக்கும், அவ்வளவே. மோட்டார் நின்றுவிட்டது என்பதற்காக நடைபாதையில் ஏறி ஓட்டாதீர்கள், மின்சைக்கிளுக்கு அங்கே எந்த நிலையிலும் அனுமதியில்லை, இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம்.

பேட்டரியை எப்போது மாற்றுவது? இதே ஓட்டத்தில் 20, 21க்கு இறங்கினால், அதாவது கொள்ளளவு 60 விழுக்காட்டுக்கு வந்தால், மாற்றுகிற நேரம் வந்துவிட்டது, அப்போது மதியச் சார்ஜ் போட்டாலும் இரவுச் சுற்று இழுபறியாகத்தான் இருக்கும். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, மாதம் கொஞ்சம் எடுத்து வைத்து வாருங்கள். வாங்கும்போது உங்கள் சைக்கிளின் அதே மாடலுக்கு அந்தக் கம்பெனியின் முகவர் தருகிற பேட்டரியைத்தான் வாங்க வேண்டும், ரசீதில் வோல்ட், ஆம்பியர்-மணி, வரிசை எண் மூன்றும் எழுதி வாங்குங்கள். தூரம் குறைவதற்கு முன்பே மாற்ற வேண்டிய சில நிலைமைகள் உண்டு. பெட்டி எங்காவது புடைத்திருந்தால், இனிப்பும் காரமுமாக ஒரு ரசாயன வாடை வந்தால், சார்ஜ் ஏறும்போது ஒரு மூலை மட்டும் சுட்டால், எவ்வளவு நேரம் போட்டாலும் சார்ஜரில் பச்சை விளக்கு வராவிட்டால், பாதிக் கோட்டில் இருக்கும்போது சமதரையிலேயே அணைந்தால், அல்லது சைக்கிள் கீழே விழுந்து பேட்டரி பலமாக அடிபட்டிருந்தால், அன்றோடு அதைச் சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு முகவரிடம் பேசுங்கள். பழையதைக் குப்பைக் குழியில் போடக்கூடாது, லாரிக்குள் நசுங்கினால் அங்கேயும் தீ. மின்கழிவு சேகரிப்புத் திட்டத்தில் மின்சைக்கிளும் உண்டு, புதிது வாங்குகிற இடத்திலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

புளோக்காரரிடம் என்ன சொல்வது என்று தயங்காதீர்கள், பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, திறக்க வேண்டிய அவசியமில்லை என்று சொல்லுங்கள், அதோடு விட்டுவிடுவார். அவர் மற்றவர்களுக்கும் இதைச் செய்துகொடுக்கிறார் என்றால், அதே புளோக்கில் மேலே எத்தனை குடும்பம் இருக்கிறது என்று அவருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். உங்களால் முடியாவிட்டால் உங்கள் வீட்டுக்காரர் சொல்லட்டும், இந்தப் பதிலைக் காட்டிக்கூடச் சொல்லலாம்.

நாளை மதியம் மூன்று மணிக்குச் சார்ஜ் போட்டு, ஐந்தரைக்கு எடுத்து, இரவு வீடு வந்ததும் நின்ற நிலையில் எத்தனை கோடு மிச்சம் இருக்கிறது என்று ஒரு வாரம் குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள். இரண்டு கோட்டுக்குக் குறைவாக வந்தால் சார்ஜரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், அதன் சீட்டில் இருக்கிற ஆம்பியர் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.